அச்சகத்து லேப்டாப்பில் லினக்ஸ்: வைன் போதுமா, இரண்டு ஓஎஸ் வேண்டுமா?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். தண்டையார்பேட்டையில் அப்பாவின் அச்சகம். அங்கே ஒரு லேப்டாப், ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு கையை விரித்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த மெஷினை ஏற்கவில்லை, அதனால் அதற்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போடலாம் என்று யோசனை. ஆனால் அப்பாவுக்குப் பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கரும் கணக்குக்கு டேலியும் வேண்டும், உங்களுக்கு ராத்திரியில் வேலரண்ட் கேம் வேண்டும். விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைனைப் போட்டு எல்லாவற்றையும் லினக்ஸிலேயே ஓட்டுவதா, டூயல் பூட் என்று இரண்டு ஓஎஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வதா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதற்குள்ளே இன்னொரு கேள்வி தெரிகிறது: அப்பாவின் வேலை ஒரு நாள்கூட நிற்காமல் விண்டோஸை விட்டு வெளியே வர முடியுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். அச்சகம், மண்டி, லாரி ஆபீஸ், மருந்துக் கடை, டியூஷன் சென்டர் என்று எல்லா வகை மெஷினும் கைக்கு வந்திருக்கிறது, அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் நிறைய, போட்டுவிட்டு ஒரு வாரத்தில் திரும்ப விண்டோஸ் போட்டுக் கொடுத்ததும் உண்டு. அப்படித் திரும்பி வந்தவை எல்லாவற்றிலும் தப்பு ஒன்றுதான். வைனா டூயல் பூட்டா என்று மெஷினுக்கு மொத்தமாக ஒரு முடிவு எடுத்திருப்பார்கள். அந்த முடிவை மெஷினுக்கு எடுக்கக் கூடாது, ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அந்த சாஃப்ட்வேர் வெறும் ஃபைலையும் திரையையும் மட்டும் தொடுகிறதா, இல்லை டிரைவர் (சாதனத்தை இயக்கும் புரோகிராம்), டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் யுஎஸ்பி சாவி), லைசென்ஸ் என்று விண்டோஸின் அடிவயிறு வரைக்கும் கை விடுகிறதா என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஏன் அப்படி என்பதற்கு வைன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனில் கம்பெனிக்காரன் காலத்தில் துபாஷிகள் இருந்தார்கள் இல்லையா, வெள்ளைக்காரன் பேசுவதை நம் வியாபாரிக்கும் வியாபாரி பேசுவதை வெள்ளைக்காரனுக்கும் மாற்றிச் சொல்வார்கள், சரக்கும் பணமும் அதேதான், பேச்சு மட்டும் மாறும். வைன் அந்த துபாஷி வேலையைத்தான் செய்கிறது. விண்டோஸ் புரோகிராம் ‘ஒரு ஜன்னல் திற’, ‘இந்த ஃபைலைப் படி’ என்று விண்டோஸ் பாஷையில் கேட்கும், வைன் அதை லினக்ஸுக்குப் புரியும் அழைப்பாக மாற்றிக் கொடுக்கும். புரோகிராமின் உள்வேலையை பிராசஸர் நேராகவே ஓட்டுகிறது, நடுவில் போலி கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, அதனால் பொதுவாக வேகம் குறையாது. 1993-ல் தொடங்கிய திட்டம் அது, 1.0 என்று ஒரு பதிப்பை வெளியிட 2008 வரை ஆனது. பதினைந்து வருஷம். விண்டோஸின் உள்விவரம் முழுதாக வெளியே கிடைக்காது, எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும், அதனால்தான் அவ்வளவு காலம். இன்னமும் துபாஷிக்குத் தெரியாத சொல் வந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்படி நிற்கும் இடங்களில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது டிரைவர். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் டிரைவரை வைனை நம்பி ஓட்ட முடியாது. கைரேகை மெஷினுக்கோ யுஎஸ்பி டாங்கிளுக்கோ தனி டிரைவர் கேட்கும் சாஃப்ட்வேர் என்றால், லினக்ஸுக்கென்று தனியாக டிரைவர் இருந்தால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள். அதே அளவு நிச்சயமான இன்னொன்று இருக்கிறது, நம்ம ஆட்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்: தமிழ் கீபோர்டு. விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் எந்த ஜன்னலில் தட்டினாலும் அந்த எழுத்தை நடுவில் பிடித்துத் தமிழாக்கிக் கொடுக்கும் சின்ன சாஃப்ட்வேர்கள் உண்டு. அதை வைனில் போட்டால் அது வைனுக்குள் ஓடும் புரோகிராம்களை மட்டும்தான் பார்க்கும், வெளியே லினக்ஸில் ஓடும் பிரவுசரிலோ லிப்ரே ஆபீஸிலோ நீங்கள் என்ன தட்டினாலும் அதற்குத் தெரியாது. வைனுக்குள்ளேயும் அது ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை. யூனிகோடு தமிழுக்கு லினக்ஸிலேயே ஐபஸ் என்ற தட்டச்சு வசதி இருக்கிறது, தமிழ்99 விசைப்பலகையும் தட்டச்சு முறையும் அதில் உண்டு, அது சுகமாகவே ஓடும். யூனிகோடுக்கு முந்தைய பழைய எட்டு பிட் எழுத்துருவில் தட்டும் அச்சக வேலைக்குத்தான் இந்தத் தலைவலி.

இப்போது உங்கள் பேஜ்மேக்கர். அப்பா பாமினி மாதிரி எழுத்துருவில்தான் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. எழுத்துரு ஃபைல் மட்டும் பிரச்சினையே இல்லை, டிடிஎஃப் ஃபைலை லினக்ஸில் அதற்குரிய ஃபோல்டரில் போட்டால் எல்லா புரோகிராமிலும் வந்துவிடும். எங்கள் பகுதி அச்சகம் ஒன்றில் பேஜ்மேக்கர் 7-ஐ வைனில் திறந்து பார்த்தோம், திறந்தது, பக்கமும் சரியாக வந்தது, எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பிடிஎஃப் எடுக்கும் இடத்தில் வந்தது தகராறு. பேஜ்மேக்கர் பிடிஎஃப் எடுக்க போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரையும், அதிலிருந்து பிடிஎஃப் ஆக்கும் டிஸ்டில்லரையும் கூட்டு சேர்த்துக்கொள்ளும், அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி வைனில் விட்டுப்போனது. பிரிண்டிங்கை லினக்ஸ் வழியாகத் திருப்பிவிட்டால் ஒரு ஃபைல் நன்றாக வரும், இன்னொன்றில் ‘கொ’வின் கொம்பு தனியாகத் தள்ளி நிற்கும். திரையில் சரியாக இருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை, அச்சுப் பிளேட் போடும் இடத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அச்சுக்குப் போகும் வேலையை வைனில் வைப்பதில்லை என்று. வேறு எழுத்துரு, வேறு வைன் பதிப்பு என்றால் உங்களுக்குச் சரியாக வரலாம், அது மெஷினுக்கு மெஷின் மாறுகிறது. ஆனால் 500 பத்திரிகை அடித்த பிறகு கண்டுபிடிக்கிற மாதிரியான தப்பு அது, அதனால் பந்தயம் கட்டாதீர்கள்.

பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்து உள்ளே இருக்கும் விஷயத்தை எடுத்தால் போதும் என்றால் வைனே தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் 4.4, அதாவது 2015-லிருந்து, அதன் டிரா புரோகிராம் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிறது. பக்க அமைப்பு கொஞ்சம் நகரும், எழுத்துரு இருந்தால் தமிழ் படிக்கும்படி வரும். கோரல் டிரா ஃபைலை இங்க்ஸ்கேப்பும் ஓரளவுக்குத் திறக்கும். கோரல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது: 2000-ல் கோரல் டிரா 9 லினக்ஸுக்கே வெளிவந்தது, அதற்கு அந்த நிறுவனம் பயன்படுத்தியது இதே வைனைத்தான், வைன் வளர்ச்சிக்கும் அவர்கள் அப்போது நிறைய உழைத்தார்கள். அந்த வழி தொடர்ந்திருந்தால் இன்றைக்கு நம்ம அச்சகங்கள் எல்லாம் வேறு மாதிரி இருந்திருக்கும், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

சரி, வைனும் இல்லை என்றால் டூயல் பூட்தானா? இல்லை, நீங்கள் கேட்காமல் விட்ட மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, உங்கள் அப்பாவுக்கு அதுதான் ஏற்றது. விர்ச்சுவல் மெஷின். லினக்ஸுக்குள்ளே விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு முழு விண்டோஸை நிறுவுவது. வீட்டுக்குள்ளேயே ஒரு அறையை விண்டோஸுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி. அது உண்மையான விண்டோஸ், அதனால் துபாஷி தெரியாமல் விழிக்கும் பேச்சே கிடையாது. பேஜ்மேக்கர், டிஸ்டில்லர், தமிழ் கீபோர்டு மூன்றும் அதற்குள் சொந்த வீட்டில் இருப்பது போல ஓடும், எடுத்த பிடிஎஃப்பை ஷேர்டு ஃபோல்டர் வழியாக லினக்ஸுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து அனுப்பிவிடலாம். டேலியும் அங்கேதான் போக வேண்டும். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, சிலர் வைனில் திறந்துவிட்டேன் என்கிறார்கள், திறப்பது ஒரு விஷயம், அடுத்த அப்டேட் வந்த பிறகும் லைசென்ஸும் பிரிண்டும் எக்செல் எக்ஸ்போர்ட்டும் அப்படியே நிற்குமா என்பது வேறு விஷயம். கணக்கு விஷயத்தில் ‘பெரும்பாலும் ஓடும்’ என்பது போதாது. ஒன்று கவனியுங்கள், டேலி லைசென்ஸ் மெஷினோடு கட்டப்பட்டது, அதனால் பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன்னால் டேலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, விர்ச்சுவல் மெஷினில் புதிதாக ஆக்டிவேட் செய்ய வேண்டும். முதலில் டிஸ்கை அழித்துவிட்டு அப்புறம் டீலரைத் தேடி ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விர்ச்சுவல் மெஷினில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்த முழு விண்டோஸும் உங்கள் டிஸ்கில் ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். 60 ஜிபி ஒதுக்கினால் இந்த இரண்டு வேலைக்கும் தாராளம். அதை அப்படியே ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து வைத்துவிட்டால், நாளைக்கு லேப்டாப்பே போனாலும் வேறு மெஷினில் போட்டு எழுப்பிவிடலாம், அப்பாவின் எழுத்துரு, செட்டிங், டெம்ப்ளேட் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும், லைசென்ஸை மட்டும் மறுபடி கேட்கலாம். டேலி அப்டேட் போடுவதற்கு முன், அந்த நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வைத்தால், சரியில்லை என்றால் ஒரே நிமிஷத்தில் பழைய நிலைக்குப் போகலாம். குறை என்ன என்றால் ரேம். 8 ஜிபியில் 4 ஜிபியை விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவிட்டால் மிச்சத்தில் லினக்ஸும் பிரவுசரும் இடித்துக்கொண்டுதான் உட்காரும், பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். முடிந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது இன்னொரு 8 ஜிபி சேர்த்துவிடுங்கள், ஆனால் போவதற்கு முன் அடிமூடியைத் திறந்து டிடிஆர்3எல்லா டிடிஆர்4ஆ என்று பாருங்கள், ஆறாம் தலைமுறையில் இரண்டு வகையும் வந்தது. மெஷின் எழும்போதே திறக்கும் பயாஸ் செட்டிங்கில் விர்ச்சுவலைசேஷன் என்பது ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், பல லேப்டாப்பில் அணைத்தே வைத்திருப்பார்கள். உள்ளே போடும் விண்டோஸுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பேஜ்மேக்கருக்கும் டேலியின் அன்றாட வேலைக்கும் இன்டர்நெட் தேவையில்லை, அதனால் அந்த மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டித்தே வையுங்கள், சப்போர்ட் முடிந்த விண்டோஸ் 10-ஐப் பயமில்லாமல் பயன்படுத்த அதுதான் வழி. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது மட்டும் இணைத்துவிட்டு மறுபடி கழற்றிவிடுங்கள்.

இனி உங்கள் வேலரண்ட். இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை: அதனுடைய வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸ் கெர்னலுக்குள் உட்காரும் டிரைவர், வைனிலும் ஓடாது, விர்ச்சுவல் மெஷினிலும் விடாது. லினக்ஸில் கேம் என்றாலே கஷ்டம் என்று இதைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். வால்வ் நிறுவனம் 2018-ல் புரோட்டான் என்று வைனை அடிப்படையாக வைத்து ஒன்றைக் கொண்டுவந்த பிறகு அவர்களுடைய கேம் கடையான ஸ்டீமில் இருக்கும் ஏராளமான விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன. விண்டோஸின் கிராஃபிக்ஸ் பாஷையான டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை லினக்ஸிலும் ஓடும் வல்கனாக மாற்றிக் கொடுக்கும் வேலை அதில் நடக்கிறது, 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் மெஷின் மொத்தமும் அதை நம்பித்தான் நிற்கிறது. கெர்னல் வரை இறங்கும் ஏமாற்றுத் தடுப்பு உள்ள கேம்கள்தான் முட்டுச்சுவர். ஆக நீங்கள் சொன்ன மூன்றில் டூயல் பூட் கட்டாயம் என்று ஆக்குவது இந்த ஒரு கேம் மட்டும்தான்.

டூயல் பூட் போட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். காசிமேட்டில் மீன் ஏலக் கமிஷன் பார்ப்பவர் ஒருவர், விடியற்காலை நாலரைக்கு பில் போடுவார். திடீரென்று பில்லில் முந்தின நாள் தேதி, நேரம் இரவு 11 மணி. படகுக்காரர்களோடு கணக்கில் சண்டை. மதர்போர்டு கடிகாரத்தை ஓட்டும் சீமாஸ் பேட்டரி போச்சு என்று யாரோ மாற்றினார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை, இன்னொரு பேட்டரி மாற்றினார்கள். என்னிடம் வந்தபோது நேரத்தை எழுதிப் பார்த்தேன், சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. அந்த ஐந்தரையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், அதே லேப்டாப்பில் உபுண்டு போட்டு ராத்திரியில் படித்துவிட்டு அணைத்து வைப்பான். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதே கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று படிக்கும், நமக்கும் அதற்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. துறைமுகத்தில் நெட் இணைக்காததால் விண்டோஸ் தன்னைத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. லினக்ஸில் ஒரே ஒரு வரிக் கட்டளையால் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன், அதோடு முடிந்தது. டூயல் பூட் போடும் அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுசாக அணைவதில்லை, பாதி தூக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் அதன் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும்தான் விடும் அல்லது திறக்கவே மறுக்கும். அந்த மறுப்பு நம் நல்லதுக்கு. பெரம்பூரில் ஒரு போட்டோகாரர் அதைக் கட்டாயப்படுத்தித் திறந்து ஒரு கல்யாண ஆல்பத்தை அதில் காப்பி செய்தார், விண்டோஸ் எழுந்ததும் அந்த ஃபோல்டர் குளறுபடியாகிவிட்டது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷனில் அதை அணைத்துவிட்டுத்தான் லினக்ஸ் பென் டிரைவையே செருக வேண்டும். டிஸ்க் என்கிரிப்ஷன் ஆனாகியிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங்கைத் தொட்டாலே அதைக் கேட்கலாம். இதெல்லாம் சரியாகச் செய்தும், விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்து லினக்ஸை எழ விடாமல் செய்யலாம், 2024 ஆகஸ்டில் செக்யூர் பூட் தொடர்பான அப்டேட் ஒன்றில் உலகம் முழுக்க டூயல் பூட் வைத்திருந்த பலருக்கு அப்படி ஆனது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பழக்கம். தமிழ்நாடு அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் போட்டுத்தான் வந்தது. நூற்றுக்கணக்கில் சர்வீஸுக்கு வந்திருக்கும், பூட் மெனுவில் இரண்டாவது வரியைத் தொட்ட பிள்ளைகள் என் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். மெஷின் தானாக எதில் எழுகிறதோ அதுதான் ஜெயிக்கும், இன்னொன்று அப்டேட் இல்லாமல் கிடக்கும். ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் ரீஸ்டார்ட் செய் என்று அப்பாவிடம் சொன்னால், பத்து நாளில் லேப்டாப் நிரந்தரமாக விண்டோஸிலேயே நின்றுவிடும். அவர் மேல் தப்பில்லை, வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

அதனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: மிண்ட்தான் முதன்மை, அதற்குள் விர்ச்சுவல் மெஷினில் பேஜ்மேக்கரும் டேலியும், வைன் வேண்டுமானால் சின்னச் சின்ன புரோகிராம்களுக்கு. வேலரண்ட் விட முடியாது என்றால் 256 ஜிபியைக் கூறு போடாமல், விண்டோஸுக்கு இன்னொரு எஸ்எஸ்டி. லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எஸ்எஸ்டியை மாட்டும் சட்டம் (caddy) வாங்கி அதில் போடலாம், ஆனால் அந்த இடத்திலிருந்து பூட் ஆக எல்லா பயாஸும் விடாது, உங்கள் மாடலுக்கு விடுமா என்று முதலில் பாருங்கள். ஒரு டிஸ்கில் ஒரு ஓஎஸ் என்று வைத்து, போடும்போது மற்றதைக் கழற்றி வைத்தால் ஒன்று மற்றொன்றின் பூட்டில் கை வைக்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் என் அறிவு மெஷின் வரைக்கும்தான், கணக்கு வரைக்கும் இல்லை, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தனிநபர் தொழில் என்றால் ஓடிபி வைத்தே தாக்கல் செய்யலாம், அதற்கு லினக்ஸ் பிரவுசரே போதும். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி) வைத்திருந்தால், அந்த யுஎஸ்பியை விர்ச்சுவல் மெஷினுக்குள் திருப்பிவிட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் நெட்டை இணைக்க வேண்டியிருக்கும். சில டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, வெப்சைட்டில் கையெழுத்திடும் துணை புரோகிராம் அதோடு ஒத்துப்போவது இடத்துக்கு இடம் மாறும். மேக்ரோ உள்ள எக்செல் படிவங்களை லிப்ரே ஆபீஸை நம்பி நிரப்பாதீர்கள்.

அவசரமும் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது. அதுவரை இருக்கும் விண்டோஸிலேயே விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் நிறுவி, பேஜ்மேக்கரில் ஒரு பத்திரிகையை முழுசாக அடித்து பிளேட் வரைக்கும் அனுப்பிப் பாருங்கள். அது சரியாக வந்தால் அதே ஃபைலை மிண்ட்டுக்கு எடுத்துப் போகலாம். மிண்ட்டையும் முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, பிரிண்டர், சவுண்ட் பாருங்கள். மாற்றுகிற நாள் மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆடியில் கல்யாணப் பத்திரிகை வராது என்று நினைப்பீர்கள், நம்ம பக்கம் அப்போதுதான் கூழ் ஊற்றும் நோட்டீஸ் குவியும், மார்கழியில் தை முகூர்த்தத்துக்கு அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்த வாரம் கை ஓய்வாக இருக்கும் என்று அப்பாவுக்குத்தான் தெரியும், அவரைக் கேட்டு நாள் குறியுங்கள்.